கிருஷ்ணா பான்ஜி முதல் பென் கிங்ஸ்லி வரை: திரையில் காந்தியாக வாழ்ந்த நடிகரின் நெடும் பயணம்

புதுதில்லி, டிச. 31: மகாத்மா காந்தியைத் திரையில் கண்ட கோடிக்கணக்கானோரின் நினைவில் நிலைத்துவிட்ட முகம், பிரிட்டன் நடிகர் பென் கிங்ஸ்லியுடையது. 1943-ஆம் ஆண்டு இதே நாளில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கிருஷ்ணா பண்டிட் பான்ஜி. இந்தியச் சாயல் கொண்ட அப்பெயரைக் கைவிட்ட பிறகே அவருக்கு மேடை வாய்ப்புகள் கிடைத்தன. ஆனால், உலகப் புகழைத் தேடித் தந்ததோ இந்தியாவின் தேசத்தந்தை வேடம். இந்த முரணிலிருந்தே அவரது கலைவாழ்வைப் புரிந்துகொள்ள முடியும்.

பெயர் மாறிய கதை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள ஸ்னெய்ன்டன் கிராமத்தில் பிறந்தவர் கிங்ஸ்லி. குஜராத்தி வம்சாவளியினரான அவருடைய தந்தை ஒரு மருத்துவர். தாய் ஆங்கிலேயர், நடிகையாகவும் இருந்தவர். தந்தைவழிப் பாட்டனார் ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் வாசனைப் பொருள் வணிகம் செய்தவர். கிராம்பு வணிகத்தில் ‘அரசர்’ என்று அவர் அழைக்கப்பட்டதை நினைவுகூரும் வகையில்தான் ‘கிங்ஸ்லி’ என்ற பெயர் அமைந்தது.

1960-களின் பிரிட்டன் நாடக உலகில் அயல்நாட்டுப் பெயர் ஒரு தடையாகவே இருந்தது. கிருஷ்ணா பான்ஜி என்ற பெயரில் நடிப்புத் தேர்வுக்குச் சென்றபோது, நடிப்பைப் பாராட்டியவர்களே தங்கள் நாடகங்களில் எந்த வேடம் தருவது என்று தெரியவில்லை எனக் கூறி அனுப்பிவிட்டதாகவும், பெயரை மாற்றிக்கொண்டதும் வாய்ப்புகள் வரத் தொடங்கியதாகவும் அவர் பேட்டிகளில் தெரிவித்துள்ளார். இந்த முடிவுக்குத் தந்தையும் துணை நின்றார். காந்தியாக நடிப்பதற்காகவே தம் ஆசியப் பெயரை விட்டுவிட நேர்ந்தது போலாயிற்று என்று அவரே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

1967-இல் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் சேர்ந்த கிங்ஸ்லி, 1970-இல் பீட்டர் புரூக் இயக்கிய புகழ்பெற்ற ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் டிமெட்ரியஸ் வேடமேற்றார். 1975-இல் ஹாம்லெட்டாக நடித்தார். 1972-இல் ‘ஃபியர் இஸ் தி கீ’ படத்தின் மூலம் திரையுலகில் நுழைந்தபோதிலும், அடுத்த பத்தாண்டுகளுக்கு நாடக மேடையே அவரது முதன்மைக் களமாக இருந்தது.

இருபதாண்டுக் கனவு

காந்தியின் வாழ்க்கையைப் படமாக்க இயக்குநர் ரிச்சர்ட் அட்டன்பரோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றார். காந்தியைத் தெய்வமாக்கிவிட வேண்டாம், மனிதராகவே காட்டுங்கள் என ஜவாஹர்லால் நேரு தம்மைக் கேட்டுக்கொண்டதாக அவர் கூறியுள்ளார். 1980 நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கியது. தயாரிப்புச் செலவில் ஒரு பகுதியை இந்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஏற்றது. வெளிநாட்டவர் இயக்கும் படத்துக்கு அரசுப் பணம் எதற்கு, காந்தியாக ஆங்கிலேய நடிகர் நடிப்பதா என்ற எதிர்ப்புக் குரல்கள் அப்போது நாட்டில் எழுந்தன.

அவற்றுக்கான விடை கிங்ஸ்லியின் நடிப்பில் இருந்தது. உடல் எடையைக் குறைத்து, இராட்டையில் நூல் நூற்கக் கற்று, அவர் தம்மைத் தயார்படுத்திக்கொண்டார். 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிடப்பட்ட 23 வயது வழக்கறிஞராகவும், 1948-இல் சுட்டுக் கொல்லப்பட்ட 78 வயது முதியவராகவும் ஒரே நடிகரே தோன்ற வேண்டியிருந்தது. கோட்டும் சூட்டும் அணிந்த இளைஞரின் படபடப்பு, ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்த நடையாகவும் குறும்பு கலந்த நிதானமாகவும் மாறுவதைப் படம் முழுவதும் காணலாம். நேரு வேண்டிய ‘மனிதர்’ திரையில் தென்பட்டதற்கு இதுவே காரணம்.

இறுதி ஊர்வலக் காட்சி 1981 ஜனவரி 31 அன்று, உண்மையான இறுதி ஊர்வலம் நடைபெற்று 33 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், புதுதில்லியில் படமாக்கப்பட்டது. அதில் சுமார் 3 லட்சம் பேர் பங்கேற்றனர்.

1982 நவம்பர் 30 அன்று புதுதில்லியில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘காந்தி’, மறு ஆண்டு 8 ஆஸ்கர் விருதுகளை வென்றது. டஸ்டின் ஹாஃப்மன், பால் நியூமன், ஜாக் லெமன், பீட்டர் ஓட்டூல் ஆகியோரை முந்திச் சிறந்த நடிகர் விருதைக் கிங்ஸ்லி பெற்றார். ஆடை வடிவமைப்புக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட பானு அதையா, ஆஸ்கர் வென்ற முதல் இந்தியரானார். 1984-இல் கிங்ஸ்லிக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

காந்திக்குப் பிறகு

இத்தகைய மாபெரும் வேடம் ஒரு நடிகரை வாழ்நாள் முழுவதும் சிறைப்படுத்திவிடக் கூடும். அதே சாயலிலான வேடங்களுக்குள் அடங்கிவிடாமல், நேர்மாறான பாத்திரங்களை நோக்கிச் சென்றார் கிங்ஸ்லி. ‘பக்ஸி’ (1991) படத்தில் மேயர் லான்ஸ்கி என்ற நிழலுலகப் புள்ளியாகத் தோன்றினார். ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993) படத்தில், நாஜிக்களிடமிருந்து யூதர்களைக் காக்கத் துணைநிற்கும் கணக்காளர் இட்சாக் ஸ்டெர்னாக, உணர்ச்சிகளை அடக்கி நடித்தார். அகிம்சையின் முகமாக அறியப்பட்டவர், ‘செக்ஸி பீஸ்ட்’ (2000) படத்தில் சொல்லாலும் பார்வையாலும் பிறரை நடுங்கவைக்கும் கொடிய குற்றவாளியானார். ‘ஹவுஸ் ஆஃப் சாண்ட் அண்ட் ஃபாக்’ (2003) படத்தில், தாய்நாட்டை இழந்து அமெரிக்காவில் கௌரவத்தைக் காத்துக்கொள்ளப் போராடும் ஈரானிய ராணுவ அதிகாரியாக வந்தார். இவற்றுள் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ தவிர்த்த மூன்றும் அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தன.

சறுக்கல்களும் இல்லாமல் இல்லை. ‘தி லவ் குரு’ (2008) என்ற நகைச்சுவைப் படத்தில் அவர் ஏற்ற இந்தியச் சாமியார் வேடம், காந்தியாக அவரைக் கண்ட ரசிகர்களுக்கு ஏமாற்றமளித்தது, படமும் தோல்வியடைந்தது. எனினும் ‘ஹியூகோ’ (2011) படத்தில் திரைக்கலை முன்னோடி ஜார்ஜ் மெலியஸ், ‘அயர்ன் மேன் 3’ (2013) படத்தில் போலித் தீவிரவாதியாக நடிக்க அமர்த்தப்படும் நலிந்த நடிகர், ‘தி ஜங்கிள் புக்’ (2016) படத்தில் பகீராவின் குரல் என அவர் அடுத்த தலைமுறை ரசிகர்களையும் சென்றடைந்தார். 2002-இல் பிரிட்டன் அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தது. எண்பது வயதைக் கடந்த பின்னரும் அவர் தொடர்ந்து நடித்து வருகிறார்.

கிருஷ்ணா பான்ஜிக்கு அன்று மூடியிருந்த கதவு, இன்று ஓரளவு திறந்திருக்கிறது. இந்திய வம்சாவளியினரான தேவ் படேல், பாகிஸ்தான் வம்சாவளியினரான ரிஸ் அகமது போன்ற பிரிட்டன் நடிகர்கள் தங்கள் குடும்பப் பெயருடனேயே ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். அவர்களுக்கு முன்பே அந்த மேடையில் விருதுடன் நின்றவர் கிங்ஸ்லி. ஆனால், அன்று அங்கே அறிவிக்கப்பட்டது பெற்றோர் இட்ட பெயர் அன்று.