ஓடுபவர் ஒருவர், வழி திறப்பவர்கள் ஐவர்: அமெரிக்கக் காற்பந்தில் பெருமை யாருக்கு?

2023ஆம் ஆண்டில் நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவுக்கு ஆடிய சேக்வான் பார்க்லி, பந்தை ஏந்திக்கொண்டு 247 முறை ஓடினார். ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 3.9 யார்டு. மறு ஆண்டு பிலடெல்ஃபியா ஈகல்ஸ் குழுவுக்குப் போனார். 345 ஓட்டங்கள், 2,005 யார்டு, சராசரி 5.8. ஆள் அதே ஆள்தான்; வயது மட்டும் ஒன்று கூடியிருந்தது. அப்படியென்றால் புதிதாகச் சேர்ந்த ஏறக்குறைய இரண்டு யார்டு யாருடைய உழைப்பு?

ரசிகர்களுக்கு இது வாக்குவாதம். குழு நிர்வாகிகளுக்கோ பணப் பிரச்சினை. ஓட்டக்காரரின் திறமை என்று நினைத்து மில்லியன் கணக்கில் கொட்டிக் கொடுத்த பிறகு, அது முன்னால் நின்றவர்களின் திறமை என்று தெரியவந்தால் காசு போனது போனதுதான்.

நம் ஊர்க் காற்பந்து வேறு, இது வேறு. அமெரிக்கக் காற்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு, அதாவது 9 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு ஓடுவதை முக்கிய வேலையாகக் கொண்டவர் 'ரன்னிங் பேக்'. அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கல்கள். பெரும்பாலும் 135 கிலோவைத் தாண்டிய ஆட்கள். சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதோடு சரி; மற்ற நால்வர் பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிரே நிற்பவரைத் தள்ளி, ஓடுபவருக்கு ஒரு சந்து திறந்துவிடுவதுதான் அவர்கள் வேலை.

செப்பாக் தக்ராவில் பந்தை உயரத் தூக்கிக் கொடுப்பவர் சரியாகக் கொடுக்காவிட்டால், அந்தரத்தில் சுழன்று அடிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்காது. இங்கும் அதே கதைதான். ஆனால் தூக்கிக் கொடுப்பவர்கள் ஐவர்.

பிலடெல்ஃபியா முன்வரிசையின் பலத்தைத் தெரிந்துகொள்ள, பார்க்லிக்கு முன்பு அங்கே ஓடியவர்களைப் பார்க்க வேண்டும். 2022இல் மைல்ஸ் சாண்டர்ஸ் அங்கே 259 ஓட்டங்களில் 1,269 யார்டு எடுத்தார். சராசரி 4.9. உடனே கரோலைனா பேந்தர்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 25.4 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. அங்கே முதல் ஆண்டில் அவருடைய சராசரி 3.3. சாண்டர்சின் இடத்துக்கு வந்த டியாண்ட்ரே ஸ்விஃப்ட் 2023இல் 1,049 யார்டு ஓடினார், சராசரி 4.6. அவரை சிகாகோ பேர்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு 24 மில்லியன் டாலருக்கு எடுத்தது. சிகாகோவில் முதல் ஆண்டு சராசரி 3.8.

காயம், பயிற்றுநர், எதிரணி என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனாலும் அடுத்தடுத்து இருவர் வெளியேறி இருவருமே சரிந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். இரண்டு குழுக்களும் எண்ணைப் பார்த்து விலை பேசின. அந்த எண்ணை உண்டாக்கிய முன்வரிசை பிலடெல்ஃபியாவிலேயே இருந்துவிட்டது.

அந்த வரிசையின் இடது டேக்கல் ஜோர்டான் மைலாட்டா, சிட்னியில் பிறந்த சமோவா வம்சாவளி இளைஞர். ரக்பி லீக் ஆடி வளர்ந்தவர். 2018இல் ஈகல்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஒரு அமெரிக்கக் காற்பந்து ஆட்டம்கூட ஆடியதில்லை. ஏழாவது சுற்றில், ஏறக்குறையக் கடைசியில்தான் எடுத்தார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், 165 கிலோ எடை. கால் எங்கே வைப்பது, கையை எப்போது நீட்டுவது என்று அடிப்படையிலிருந்தே அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் முன்வரிசைப் பயிற்றுநர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட். 2024இல் மைலாட்டாவுக்குக் கிடைத்த ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு 66 மில்லியன் டாலர். அதே ஆண்டு பார்க்லிக்கு மூன்று ஆண்டுகளுக்கு 37.75 மில்லியன். பந்தைத் தொடாதவருக்குத்தான் கூடுதல் சம்பளம். ஈகல்ஸ் நிர்வாகம் எதை நம்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

அப்படியானால் பார்க்லி வெறும் பயணிதானா? அதுவும் இல்லை. அதே குழுவில் சாண்டர்ஸ் 4.9, ஸ்விஃப்ட் 4.6 என்று நின்ற இடத்தில் பார்க்லி 5.8க்குப் போனார். அதுவும் 13 பருவங்கள் ஆடிய சென்டர் ஜேசன் கெல்சி ஓய்வுபெற்ற பிறகு. வரிசை சற்று மாறியும் எண் ஏறியது.

இந்தப் பங்கைப் பிரிக்கப் பல வழிகள் உண்டு. எளிதான வழி, எதிராளியின் கை படும் முன் எத்தனை யார்டு, பட்ட பின் எத்தனை யார்டு என்று எண்ணுவது. முன்னது பெரும்பாலும் முன்வரிசையின் கணக்கு, பின்னது ஓட்டக்காரரின் கணக்கு. 'ஃபுட்பால் அவுட்சைடர்ஸ்' என்ற ஆய்வுக் குழு இன்னொரு கணக்கு வைத்திருந்தது. முதல் 4 யார்டு முழுவதும் முன்வரிசைக்கு. 5 முதல் 10 யார்டு வரை பாதி. அதற்கு மேல் எதுவும் கிடையாது. ஓட்டம் பின்னோக்கிப் போனால் பழியில் 120 விழுக்காடு முன்வரிசைக்கு. இந்தக் கணக்கில் 70 யார்டு ஓட்டம் ஒன்றில் முன்வரிசையின் பங்கு வெறும் 7 யார்டு.

இதை ஓர் ஆட்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். 2024 நவம்பர் 24ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் ரேம்ஸ் குழுவுக்கு எதிராக பார்க்லி 26 ஓட்டங்களில் 255 யார்டு எடுத்தார். அதில் ஒன்று 70 யார்டு, இன்னொன்று 72. இரண்டும் கடைசிக் கோடு வரை போனவை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் 24 ஓட்டங்கள், 113 யார்டு, சராசரி 4.7. இது சாண்டர்ஸ், ஸ்விஃப்ட் இருவரும் ஓடிய அளவுதான்! சந்தை முன்வரிசை எல்லாருக்கும் திறந்தது. அதைத் தாண்டியதும் கடைசித் தடுப்பாளரையும் ஏமாற்றி 60 யார்டு பறப்பதுதான் பார்க்லியின் சொந்தச் சரக்கு.

இப்போது கணினியும் வந்துவிட்டது. ஆட்டக்காரர்களின் தோள் கவசத்துக்குள் சிறு சில்லு வைத்து, ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று நொடிக்குப் பத்து முறை பதிகிறார்கள். பந்து ஓட்டக்காரரின் கைக்கு வரும் கணத்தில் 22 பேரும் நிற்கும் நிலையை வைத்து, சராசரி ஓட்டக்காரர் எவ்வளவு எடுப்பார் என்று கணிக்கிறார்கள். அதற்கு மேல் எடுத்தது அவருடைய பெருமை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறுமையுள்ள ஓட்டக்காரர் அரை நொடி தயங்கி நின்று, எதிராளியைத் தவறான பக்கம் இழுத்துவிட்டு, பிறகு சந்துக்குள் நுழைவார். அப்போது முன்வரிசையின் வேலையும் எளிதாகிவிடும். அந்த அரை நொடியை யார் பெயரில் எழுதுவது?

இன்னொன்றும் உண்டு. ஈகல்ஸ் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் பந்தை எறிவதோடு தானும் ஓடக்கூடியவர். அவரைக் கண்காணிக்கவே எதிரணியில் ஒருவர் தயங்கி நிற்க வேண்டியிருக்கும். தள்ளிவிட வேண்டிய ஆள் ஒருவர் குறைகிறார். ஜயண்ட்சில் பார்க்லிக்கு இந்த வசதிகள் இல்லை. 2023இல் அந்தக் குழுவின் குவார்ட்டர்பேக்குகள் 85 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டனர். அது எறிதலுக்கான தடுப்பு, ஓட்டத்துக்கான தடுப்பு வேறு வேலை என்பது உண்மைதான். ஆனாலும் முன்னால் நின்றவர்கள் அதே ஆட்கள்தான்.

எதிரணி எத்தனை பேரை முன்னே குவிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரி 9, நம் நேரப்படி மறுநாள் திங்கட்கிழமை காலை, சூப்பர் பவுல் இறுதியாட்டம். அன்று பார்க்லிக்கு 28ஆவது பிறந்தநாள். கன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை அடைப்பதையே பெரிய வேலையாக வைத்துக்கொண்டது. 25 ஓட்டங்களில் அவருக்குக் கிடைத்தது 57 யார்டு. எண்ணை மட்டும் பார்த்தால் படுமோசமான நாள். ஆனால் அவர்மேல் வைத்த கண்ணால் மற்ற பக்கம் இடம் கிடைத்தது. ஹர்ட்ஸ் பந்தை எறிந்து ஆடினார். ஈகல்ஸ் 40-22 என்று வென்றது. ஹர்ட்சுக்குச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அடுத்த மாதமே ஈகல்ஸ், பார்க்லியின் ஒப்பந்தத்தை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு, 41.2 மில்லியன் டாலருக்கு நீட்டித்தது.