உங்கள் ஊரின் கணக்கை அறிவீரா?

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளைக் கண்டு வியப்பர். 1717-18ஆம் ஆண்டைச் சார்ந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் கண்டு செல்வர். குன்றின் மேலிருந்து நோக்கினால் நாற்புறமும் சிற்றூர்கள் தென்படும். அவற்றில் வாழ்வோர் எத்தனை பேர்? எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் ஏடு ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோர் அதனைப் புரட்டியதில்லை.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி மாவட்டந்தோறும் வெளியிடப்படும் கையேடே அது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் இவ்வரிசை வெளிவருகிறது. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திற்கும் அதில் தனி வரி உண்டு. வீடுகள், ஆண்கள், பெண்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், எழுத்தறிவு பெற்றோர், உழவர், விவசாயக் கூலிகள் ஆகியோரின் எண்ணிக்கையை அங்கே காணலாம். பள்ளி, மருத்துவ வசதி, குடிநீர், பேருந்து ஆகியவை ஊரில் உண்டா என்பதும், இல்லையெனில் 5 கிலோமீட்டருக்குள்ளா, 10 கிலோமீட்டருக்கு அப்பாலா என்பதும் கூறப்பட்டிருக்கும். 2011ஆம் ஆண்டின் விவரங்களைக் கணினி வழியே விலையின்றிப் பெறலாம்.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். 2011இல் விழுப்புரம் மாவட்ட மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் கிராமவாசிகள். மாவட்டச் சராசரியைக் கொண்டு ஒரு சிற்றூரின் குறையை அறிய இயலாது. "எங்கள் ஊருக்குப் பள்ளி வேண்டும்" என்று கிராம சபையில் வாயால் கேட்பதற்கும், குழந்தைகளின் எண்ணிக்கையையும் பள்ளியின் தொலைவையும் அரசின் ஏட்டிலிருந்தே எடுத்துக்காட்டிக் கேட்பதற்கும் வேறுபாடு பெரிது.

ஆயினும் இவ்வேட்டிற்கு எல்லைகள் உண்டு. குக்கிராமங்களுக்குத் தனி வரி இல்லை. அவை தாய்க் கிராமத்துள் அடங்கிவிடும். சமயவாரி எண்ணிக்கை வட்டம், நகரம் என்னும் அளவோடு நின்றுவிடும். ஆகவே, ஒரு சிற்றூரின் முஸ்லிம் தெருவைப் பற்றி அறிய வேண்டுமெனில் மஹல்லா ஜமாஅத்தே தன் பதிவேட்டைச் செம்மையாகப் பேணுதல் வேண்டும். மேலும், 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. எனவே 2011ஆம் ஆண்டின் விழுப்புரம் கணக்கு இன்றைய மாவட்டத்தின் கணக்கன்று.

சமயவாரியாக எழுத்தறிவும் தொழிலும் முதன்முதலாக வெளியிடப்பட்டது 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான். நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 64.8 ஆக இருக்க, முஸ்லிம்களிடையே அது 59.1 மட்டுமே என்பது அப்போது தெளிவாயிற்று. 2006இல் அளிக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை இவ்வெண்களையும் ஆதாரமாகக் கொண்டது. கணக்கு இல்லாதிருந்தால் குறையும் வெளிப்பட்டிராது.

கணக்கெடுப்பாளர் வாசலில் நின்றால் சிலர் அஞ்சுகின்றனர். சிலர் பாதி விவரம் கூறி அனுப்பிவிடுகின்றனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, தனி மனிதர் கூறிய விவரங்களைப் பிறர் பார்வையிட இயலாது. வீட்டுப் பெண்களின் பெயரைக் கூற எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 8ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் பெயரைக் கூறாவிடினும் எண்ணிக்கையில் அவர்களை விட்டுவிடாதீர்கள். இப்பாதுகாப்புகள் இக்கணக்கெடுப்புக்கே உரியவை; வேறு பதிவேடுகளுக்கு வேறு சட்டங்கள் உள்ளன என்பதையும் நினைவிற் கொள்க.

எண்ணிக்கை எடுப்பது நமக்குப் புதிதன்று. இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும், ஆயிரத்து ஐந்நூறு ஆடவர் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரி நூலில் காண்கிறோம்.

2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அது நடைபெறும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. வெளியூரில் பணிபுரிவோர், முதியோர், கைக்குழந்தைகள் ஆகியோரின் வயது, கல்வி, தொழில் விவரங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாய்மொழி என்ற இடத்தில், குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி தமிழாயினும் உருதுவாயினும் அதையே கூறுங்கள். வீட்டில் ஆடவர் இல்லாத வேளையில் கணக்கெடுப்பாளர் வந்தாலும் தாய்மார்களே முழு விவரமும் தரும்படி அத்தாள் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.