மலைப்பாதையும் பழைய மோட்டார் வண்டியும்

பதுளையிலிருந்து ஹாலி-எல, தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் பாதையிலே புதிய வண்டிகளுக்கிடையில் உருண்ட முதுகும் வட்ட விளக்குகளும் கொண்ட சிறிய கார் ஒன்று நிதானமாக ஏறிச் செல்வதை இன்றும் சில வேளைகளிற் காணலாம். அதுவே மொறிஸ் மைனர். அதனைப் பார்க்கும் முதியவர்களின் முகத்திலே ஒரு புன்னகை தோன்றும். இளைஞர்களின் உள்ளத்திலே, அத்தகைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தம் கையாலேயே புதுப்பிக்கவேண்டும் என்னும் ஆவல் பிறக்கும். அவ்வாவல் நல்லதே. ஆயினும், அதனை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை அறியாமல் இறங்கினால், பணமும் காலமும் மாத்திரமன்றி உயிரும் ஆபத்துக்குள்ளாகலாம்.

இவ்வண்டிகள் மலைநாட்டிற்கு வந்த வரலாறு யாவரும் அறிந்ததே. தோட்டத் துரைமார்களும் வைத்தியர்களும் நகரத்து வணிகர்களும் அக்காலத்திற் பெரும்பாலும் பிரித்தானிய வண்டிகளையே வாங்கினர். 1972-ஆம் ஆண்டிலும் 1975-ஆம் ஆண்டிலும் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் கைமாறின. துரைமார் பலர் கடல் கடந்து சென்றனர். அவர்களுடைய வண்டிகள் இங்கேயே தங்கின. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டினாற் புதிய வண்டி கிடைப்பது அரிதாயிருந்த ஆண்டுகளில், பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவது பொழுதுபோக்கன்று, தேவையே ஆயிற்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்திலும் மக்கள் அதே பாடத்தை மறுபடியும் கற்றனர்.

மொறிஸ் மைனர் 1948-ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். முதல் மாதிரி வண்டி ஒடுங்கியதாகத் தோன்றவே, அவர் அதனை நெடுக இரண்டாகப் பிளந்து, நான்கு அங்குல இடைவெளி விட்டு வைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே தெரிந்துகொண்டார் என்பது மோட்டார்த் துறையிற் புகழ்பெற்ற செய்தி. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பிரித்தானியாவிற் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதல் எட்டிய காரும் இதுவே.

1960-களில் அமெரிக்காவில் ஒரு புதுவகை நாகரிகம் பரவியது. நடுத்தர அளவுள்ள காருக்குள் மிகப் பெரிய இயந்திரத்தைப் பொருத்தி, நேரான நெடுஞ்சாலையில் அம்புபோற் பாயச் செய்வதே அது. அத்தகைய வண்டியைப் புதுப்பிப்போர் இயந்திரத்தின் வலிமையையே முதலில் நினைப்பர். ஊவாவின் பாதைகள் வேறு நீதியைக் கற்பிக்கின்றன. இங்கே ஒரு வண்டி எவ்வளவு விரைவாக ஓடும் என்பது கேள்வியன்று. எவ்வளவு நிச்சயமாக நிற்கும் என்பதே கேள்வி. ஆகவே புதுப்பிக்கும் வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் எலும்பு, அடுத்து பிரேக், அதற்கடுத்து ஸ்டியரிங், பின்னரே இயந்திரம், யாவற்றுக்கும் இறுதியாக வர்ணம். நம்மவருட் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வர்ணத்திலே தொடங்கிவிடுவதுதான் வருந்தத்தக்கது.

வேலையைத் தொடங்குமுன் பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஒவ்வாத வண்டியை எத்துணை அழகாகச் செய்தாலும் வீதியில் ஓட்ட இயலாது. அடுத்து, மழை படாத கொட்டகையும் மட்டமான தரையும் தேவை. வண்டியை ஜாக்கியின் மேல் நிறுத்திவிட்டு அதன் கீழே ஒருபோதும் புகலாகாது. உறுதியான தாங்கிகளையோ கனமான மரக்கட்டைகளையோ வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பின்னரே கீழே செல்லவேண்டும். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் தகர டப்பாக்களிற் பிரித்து வைத்து, எது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். கழற்றுவதற்கு ஒரு நாள் போதும். குறிப்பில்லாமற் பூட்டுவதற்கு ஓராண்டும் போதாது.

இனி எலும்பைப் பார்ப்போம். பழைய லொறிகளுக்குத் தனியான இரும்புச் சட்டம் உண்டு. அதன்மேல் உடல் பூட்டப்படும். மொறிஸ் மைனரிலோ தகட்டுடலே சட்டமுமாகும். கதவுகளின் கீழுள்ள படித்தகடு, தரைக்குக் கீழே குறுக்காகச் செல்லும் பெட்டித்தகடு, பின்புற வில்லுகள் தொங்கும் இடங்கள் ஆகியவையே பாரத்தைச் சுமக்கின்றன. முன்சில்லுகளைத் தாங்கும் நீண்ட முறுக்குத் தண்டுகளின் பின்முனைகள் அந்தக் குறுக்குத் தகட்டிலேதான் பிடிக்கப்பட்டுள்ளன. ஐப்பசி முதல் தை வரையிலான வாடைமழையும் சேறும் இவ்விடங்களிலேயே தங்கித் துருவை வளர்க்கும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்; துருப்பிடித்த தகடு மந்தமாக ஒலிக்கும். திருப்புளியின் முனையால் அழுத்தும்போது தகடு உள்வாங்குமாயின், அப்பகுதியை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள புதிய தகட்டை வெல்டிங் செய்தல் வேண்டும். ஓட்டையிற் பட்டியை அப்பி, தேய்த்து, வர்ணம் பூசி மறைப்பது பிழை மாத்திரமன்று. அவ்வண்டியில் ஏறப்போகும் குடும்பத்துக்குச் செய்யும் துரோகமுமாகும். இவ்வேலையை அனுபவமுள்ள தகர வேலைக்காரரிடம் ஒப்படைப்பதில் வெட்கமில்லை.

அடுத்தது பிரேக். பண்டாரவளை ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் உள்ளது. பதுளை ஏறக்குறைய 2,200 அடி. ஆட்களோடு ஏறத்தாழ 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று இந்த 1,800 அடியை இறங்கும்போது வெளியாகும் சக்தி, 16 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. அதிற் பெரும்பகுதியைக் காற்றும் இயந்திரமும் ஏற்காவிட்டால், நான்கு சில்லுகளிலுமுள்ள சிறிய பிரேக் டிரம்களே அவ்வளவு வெப்பத்தையும் தாங்கவேண்டும். மைனரின் முன்பிரேக் டிரம்கள் முதலில் 7 அங்குல விட்டமுள்ளவை. 1962-ஆம் ஆண்டில் 1,098 கன சென்றிமீற்றர் இயந்திரம் வந்தபோதே அவை 8 அங்குலமாயின.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல ஆண்டுகள் மாற்றாத எண்ணெயில் நீர் சேர்ந்திருக்கும். டிரம் சூடேறும்போது அந்நீர் ஆவியாகும். ஆவி அமுங்கக்கூடியதாகையால் மிதிபலகை எதிர்ப்பின்றித் தரைவரை சென்றுவிடும். அன்றியும், இவ்வண்டியில் ஒரேயொரு மாஸ்டர் சிலிண்டரே உண்டு. அது சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழ் மறைந்திருக்கிறது. ஒரு குழாயிற் கசிவு ஏற்பட்டால் நான்கு சில்லுகளின் பிரேக்கும் ஒருங்கே போய்விடும். எஞ்சுவது பின்சில்லுகளைப் பிடிக்கும் கைப்பிரேக் ஒன்றே. ஆகவே பழைய உலோகக் குழாய்களையும் இரப்பர்க் குழாய்களையும் சிலிண்டர்களின் இரப்பர் வளையங்களையும், பார்வைக்கு நன்றாயிருப்பினும், புதிதாக மாற்றவேண்டும். இவ்வளையங்களிற் பெற்றோலோ இயந்திர எண்ணெயோ பட்டால் அவை ஊதிக் கெட்டுவிடும். பழைய பிரேக் ஷூக்களின் தூளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதனை வாயாலோ காற்றுப் பம்பாலோ ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுத்தல் அவசியம்.

ஸ்டியரிங்கில் ஒரே ஓர் இடம் சிறப்பான கவனத்துக்குரியது. ஒவ்வொரு முன்சில்லும் திரும்புவதற்கு ஒரு தண்டின் மேலும் கீழும் திருகுபோன்ற மரையிணைப்பு உண்டு. அதற்குக் கிறீஸ் கிடைக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் வளைவிலே தண்டு கழன்று, சில்லு சரிந்துவிடும். வண்டியை உயர்த்திச் சில்லின் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிடித்து அசைத்தால் தேய்வு தெரியும். அதிக ஆட்டமிருந்தால் மாற்றுவதே ஒரே வழி.

இவ்வளவும் முடிந்த பின்னரே இயந்திரத்தைத் தொடவேண்டும். நெடுநாள் கிடந்த இயந்திரம் இறுகியிருக்குமாயின், வண்டியை இழுத்து அதனைச் சுழற்ற முயலக்கூடாது. பிளக் துவாரங்கள் வழியே மெல்லிய எண்ணெயை விட்டுச் சில நாட்கள் பொறுத்திருத்தல் வேண்டும். 1952-ஆம் ஆண்டுக்குப் பிறகு மைனரிற் படிப்படியாக வந்த இயந்திர வகையே 1959-இல் வந்த மினி காரிலும் பொருத்தப்பட்டது. மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டுவரை நடைபெற்றது. இவ்வியந்திரத்துக்குரிய உறுப்புகள் இன்றும் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். ஈயம் கலந்த பெற்றோல் இப்போது இல்லையாகையால், தலைப்பாகத்தைக் கழற்றும்போதே கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்துவது நன்று. பற்றரியின் நேர்முனையே இவ்வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

வர்ணம் பூசுதற்கு ஊவாவில் இயற்கையே பருவம் வகுத்திருக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை மலைச்சரிவுகளில் வீசும் உலர்ந்த காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தை அளிப்பது. அதே காலம் வர்ணம் காய்வதற்கும் உகந்தது. ஆயினும் அக்காற்றுப் புழுதியையும் கொண்டுவரும். கொட்டகையை மூடி, தரையில் நீர் தெளித்த பின்னரே பூசவேண்டும்.

இத்தகைய வேலைக்குரிய கைத்திறன் நம் நாட்டுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வேர் என்பவர், 1990-களில் அவ்வண்டிகளுக்கான தகடுகளை இலங்கையிற் செய்விக்க முன்வந்தார். வண்டி பிறந்த நாட்டுக்கே அதன் உறுப்புகளைச் செய்து அனுப்பிய கைகள் நம்மவருடையவை. தேயிலைத் தொழிற்சாலைகளின் உருட்டு இயந்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த தோட்டத்து பிட்டர்மாரிடமும் இதே திறமை உண்டு. அத்தகைய முதியவர் ஒருவரின் அருகிலிருந்து, சுத்தியலின் ஒலியைக் கேட்டுத் தகட்டின் நிலையை அறியக் கற்பது ஓர் இளைஞனுக்கு வாழ்நாட் கல்வியாகும். அவர் இருக்கும்போதே அதனைக் கேட்டறிய வேண்டும்.

எல்லாம் நிறைவெய்திய பின், முதல் ஓட்டம் சமதரையிலேயே நடைபெற வேண்டும். பலமுறை நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு டிரம்மும் ஒரே அளவு சூடாகின்றதா என்று கவனித்து, கசிவு இல்லை என்பதை உறுதிசெய்து, திறமையுள்ள மெக்கானிக் ஒருவரையும் பார்க்கச் செய்த பின்னரே சரிவுக்குச் செல்லல் தகும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதே கியர் வேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. மைனரில் முதற் கியருக்கு இலகுவாக மாற்றும் பொறி இல்லையாதலால், சரிவு தொடங்குமுன்னரே கியரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பளபளக்கும் வர்ணத்தைக் கண்டு வீதியில் நிற்பவர் வியக்கலாம். ஆனால் அந்தி மயங்கும் வேளையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கி, ஒவ்வொரு வளைவிலும் நினைத்த இடத்தில் நிற்கின்ற வண்டியே உண்மையிற் புதுப்பிக்கப்பட்ட வண்டியாகும்.