ஊதுகிறவர்கள் பேசும்போது

சில வருடங்களுக்கு முன் கிழக்கில் ஓர் ஊரில் வயது போன றபான் பாவா ஒருவரைச் சந்திக்கப் போனேன். கையில் கேள்விப் பட்டியல் இருந்தது. எப்போது பிறந்தீர்கள், யாரிடம் பழகினீர்கள், என்னென்ன பரிசுகள் கிடைத்தன. "ஓம்", "இல்ல", "ஞாபகமில்ல" என்றே பதில் வந்துகொண்டிருந்தது. தேத்தண்ணீரும் ஆறிப்போயிற்று. எழும்பப் போகிற நேரம் சும்மா அவருடைய றபானை எடுத்துத் தட்டினேன்.

"இப்ப தட்டாதீங்க மகன். மழைக்குத் தோல் தொய்ஞ்சி கிடக்கு. நெருப்புல கொஞ்சம் காட்டினாத்தான் பேசும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மனிசன் நிறுத்தவில்லை. ஆட்டுத்தோலை எப்படிப் பதப்படுத்துவது, விரல் நடுவில் விழுந்தால் என்ன சத்தம், ஓரத்தில் விழுந்தால் என்ன சத்தம், சஹருக்குத் தெருவில் அடிப்பதற்கும் றாத்தீபில் அடிப்பதற்கும் என்ன வித்தியாசம். என் பட்டியலில் இதில் ஒன்றுகூட இருக்கவில்லை.

கலைஞர்கள் தங்கள் தொழிலைப் பற்றி வாய் திறந்தால் எதைப் பேசுகிறார்கள் என்று அன்றிலிருந்து கவனித்து வருகிறேன். அதிகம் பேசியவர்களில் ஒருவர் உஸ்தாத் பிஸ்மில்லாஹ் கான். 1916இல் பீகாரின் தும்ராவ் ஊரில் பிறந்து, சிறு வயதிலேயே காசிக்கு வந்து, 2006இல் அங்கேயே மௌத்தானவர். இந்தியா சுதந்திரமடைந்தபோது டில்லி செங்கோட்டையில் ஷெஹ்னாய் வாசித்தவர். 2001இல் பாரத ரத்னா பெற்றவர். கௌதம் கோஷ் 1989இல் இவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். ஆனால் உஸ்தாதின் பேச்சைப் பற்றி இன்றும் மக்கள் திருப்பிச் சொல்லும் கதைகளில் செங்கோட்டை பெரிதாக வருவதில்லை. கச்சோரி வருகிறது.

அது என்னெண்டால், காசியில் குல்சும் என்ற பெண் நெய்யில் கச்சோரி பொரித்து விற்பாராம். கொதிக்கிற நெய்யில் மாவு விழும்போது எழும் 'சொய்ங்' சத்தத்தில் ஸ்வரம் ஏறுவதும் இறங்குவதும் தனக்குக் கேட்டதாக உஸ்தாத் சொல்வார். இன்னொன்று, பயிற்சிக்காக பாலாஜி கோயிலுக்குப் போகும் வழியில் ரசூலன் பாய், பதூலன் பாய் என்ற சகோதரிகளின் வீடு. அவர்கள் பாடும் தும்ரி காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அந்த வழியால் போனதாகவும், இசையில் ஆசை பிறந்ததே அங்குதான் என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். பெரிய குருமாரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஷெஹ்னாய் பழக்கிய தாய்மாமன் அலி பக்ஷ், விசுவநாதர் கோயிலில் வாசித்தவர். அந்தப் பெயரே போதும். என்றாலும் கச்சோரிக்காரியையும் தும்ரி பாடிய பெண்களையும் அவர் விட்டுவிடவில்லை.

இதை வெறும் பணிவு என்று எடுத்துக்கொண்டால் விஷயம் தப்பிப் போகும். ஷெஹ்னாயின் அமைப்பைப் பார்த்தால்தான் அவர் ஏன் எப்போதும் காதைப் பற்றியே பேசினார் என்பது விளங்கும்.

ஷெஹ்னாய் ஒரு மரக்குழல். வாயிலிருந்து கீழே போகப் போக அகலும். அடியில் உலோகக் கிண்ணம். மேலே நாணலில் செய்த இரட்டை நாக்கு. எங்கட தமிழில் சீவாளி. குழலில் சில துளைகள், அவ்வளவுதான். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் தயாராக இருக்கும். சிதாரில் விரலுக்கு வழிகாட்ட மெட்டு இருக்கும். ஷெஹ்னாயில் அப்படி ஒன்றும் கிடையாது. துளையை முழுதாக மூடுவதா, அரைவாசி மூடுவதா, உதட்டால் சீவாளியை எவ்வளவு அழுத்துவது, மூச்சை எவ்வளவு தள்ளுவது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஸ்வரம் பிறக்கிறது. ஒரே துளையில் கொஞ்சம் கூடவும் கொஞ்சம் குறையவும் ஊதலாம். ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போக இது பெரிய வசதி. ஆனால் ஒரு கணம் கவனம் தப்பினால் சுருதி விலகும். எச்சிலில் ஊறும்போது சீவாளி ஒரு மாதிரி, காய்ந்தால் இன்னொரு மாதிரி. நேற்றுக் கிடைத்த ஸ்வரம் இன்றைக்கும் கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்க எவராலும் முடியாது.

எண்பது வயது தாண்டிய பிறகும் தொழுகையில் அவர் கேட்ட துஆ, "எனக்குச் சுரத்தைத் தா" என்பதாகவே இருந்ததாம். முன்பெல்லாம் இதை ஒரு கலைஞனின் அழகான பேச்சு என்றுதான் நினைத்தேன். இப்போது அதைத் தொழில்காரனின் நேரடிக் கணக்காகவே பார்க்கிறேன். ஸ்வரம் கருவியில் இல்லை. அன்றன்றைக்குத் தேடிக்கொள்ள வேண்டியது. கிழிந்த லுங்கியோடு இருந்தவரிடம், பாரத ரத்னா வாங்கிய நீங்கள் இப்படி இருக்கலாமா என்று மாணவி ஒருத்தி கேட்டாளாம். லுங்கி கிழிந்தால் தைக்கலாம், சுரம் கிழியாமல் இருந்தால் போதும் என்ற கருத்தில் பதில் வந்தது.

நாதஸ்வரத்துக்கும் இதே கதைதான். தும்ராவ் பக்கம் சோன் ஆற்றங்கரை நாணலில் ஷெஹ்னாய்ச் சீவாளி செய்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் காவிரிக்கரைக் கொறுக்கைப் புல்லில் நாதஸ்வரச் சீவாளி. இரண்டுமே ஆற்றோரப் புல்! ஷேக் சின்ன மௌலானா (1924-1999) ஆந்திராவின் கரவதி ஊரில், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சொந்த ஊர்ப்பக்கம் பெயர் எடுத்த பிறகு, தஞ்சாவூர்ப் பாணியில் மயங்கி நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மறுபடியும் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1998இல் சென்னை மியூசிக் அகடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. பெயர் எடுத்த பின் திரும்பவும் அரிச்சுவடிக்குப் போவது லேசான காரியமில்லை. மூச்சையும் உதட்டையும் பழக்கம் மாற்றி எடுப்பது, எழுதுகிற கையை மாற்றி எழுதுவது போல.

வாசகர் ஒருவர் இந்த இடத்தில் கேட்பார்: இதெல்லாம் நமக்கு என்னத்துக்கு? தஃபுக்கு இடம் கொடுத்த மார்க்க அறிஞர்கள் பலர் ஊதுகருவியை மறுத்திருக்கிறார்களே? உண்மை. அந்த விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை. பிஸ்மில்லாஹ் கான் ஷீஆ முஸ்லிம், தொழுகையை விடாதவர், இசையும் இபாதத்தும் தனக்கு வேறில்லை என்று சொல்லி வாழ்ந்தவர். முஹர்ரத்தின் பத்து நாளும் அவர் வீட்டில் கச்சேரி கிடையாது. எட்டாம் நாள் மட்டும் தால்மண்டியிலிருந்து பாத்மான் வரை, ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர், கண்ணீரோடு நௌஹா ஊதிக்கொண்டு நடந்து போவார். அன்றைக்கு ராகம் எதுவும் வாசிக்க மாட்டார். மௌத்தான பிறகு அடக்கியதும் அந்தப் பாத்மானில்தான். சரி பிழை எப்படியிருந்தாலும், அந்த மனிதர் தன் வேலையைப் பற்றிச் சொன்னது பதிவாகிவிட்டது.

எங்கட பாவாமார் சொன்னது பதிவாகவில்லை. பொல்லடி அண்ணாவிமார் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? கம்பு மாறும் இடத்தில் கால் எப்படி வைப்பது, பாட்டின் வேகத்தை எங்கே ஏற்றுவது, ஆள் ஒருவன் பிசகினால் ஆட்டத்தை நிறுத்தாமல் எப்படிச் சரிக்கட்டுவது என்பதெல்லாம் அவர்கள் உடம்பில் மட்டும் இருக்கிறது. மலர்களில் நாங்கள் போடுவது பிறந்த திகதி, பெற்ற பட்டம், பொன்னாடை போர்த்திய படம். அவர்கள் பேசாமல் இருந்ததால் அல்ல, நாங்கள் அப்படிக் கேட்டதால் வந்த வினை இது.

போன மாரிக்கு அந்தப் பாவாவிடம் மறுபடியும் போனேன். இந்த முறை பட்டியல் கொண்டு போகவில்லை. ஒலிப்பதிவை இயக்கப் போனேன், கையைக் காட்டித் தடுத்தார். பேரனைக் கூப்பிட்டு முற்றத்தில் சிரட்டை எரிக்கச் சொன்னார். றபானை நெருப்புக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டி, இடைக்கிடை விரலால் சுண்டிக் காதைக் கிட்ட வைத்துப் பார்த்தார். நாலைந்து தரம் சுண்டிய பிறகுதான் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இப்ப போடுங்க மகன்."