சினையும் சதையும்

பாலக்காட்டுக் கொல்லங்கோட்டை அடுத்த மீன்கரை, சுள்ளியாறு நீர்த்தேக்கங்களிலும் சுற்றுவட்டாரக் குளங்களிலும் வளரும் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டை இனங்களின் சதை ஆண்டு முழுவதும் ஒரே தன்மையுடன் இருப்பதில்லை. மீன் தசையில் நான்கில் மூன்று பங்குக்கு நீரே இருக்கிறது. கொழுப்பு குறையும்போது நீரின் பங்கு கூடிவிடுவதால், ஒரே எடையுள்ள இரு மீன்களில் ஒன்று கெட்டியாகவும் மற்றது சட்டியில் நீர்விட்டுக் குழைவதாகவும் அமையக்கூடும்.

ஏறத்தாழ இரண்டு வயதை எட்டிய மீன்களில் இதற்கு முதன்மைக் காரணம் சினைப்பருவமே. கோடையில் நீர் சூடேறியதும் பெண்மீனின் கல்லீரல், தசையிலும் வயிற்றுக் கொழுப்பிலும் சேர்ந்திருந்த சத்தைக் கொண்டு முட்டைக் கருவுக்குரிய புரதத்தை உருவாக்கி, இரத்தத்தின் வழியே சினைப்பைக்கு அனுப்புகிறது. ஆகவே பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்தில் வயிறு பருத்துச் செழிப்பாகத் தோன்றும் மீனின் சதை உண்மையில் மெலிந்தே இருக்கும்.

இச்சினைப்பருவத்தில் மிகவும் வியக்கத்தக்கது குளத்துக் கெண்டையின் நிலை. வெள்ளம் பாயும் ஆற்றில் முட்டையிடும் இயல்புடைய இம்மீன், தேங்கிய நீரில் முழுச் சினையடைந்தும் முட்டையிடுவதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இறுதித் தூண்டல் கிடைக்காததால், முதிர்ந்த முட்டைகள் சினைப்பைக்குள்ளேயே சிதைய, அவற்றின் சத்தை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. ஒடிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் அச்சுரப்பியின் சாற்றை ஊசிவழி செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தனர்; அந்நாளே தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சினைக்கு அப்பால், பாலக்காட்டுக் கோடையில் இன்னொரு கேடும் உண்டு. நீர் வற்றிய குளத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகும்போது அது வெளியிடும் ஜியோஸ்மின் என்னும் பொருள் செவுள் வழியே சதையில் சேர்ந்து சேற்று வாடையைத் தருகிறது. குடம்புளியின் அமிலம் அந்த வாடையைத் தணிக்கும் என்பதால் மீன்குழம்பில் அதைச் சேர்க்கும் வழக்கம் அறிவுடையதே; ஆயினும் குளம் வற்றும் அதே வேளையில் மீன் முழுவதையும் பிடித்துச் சந்தைக்கு அனுப்புவது வருந்தத்தக்கது. முதலமடை மாங்காய்க்குப் பருவம் பார்த்து விலை வைக்கும் வட்டாரம், மீனை மட்டும் எடையால் அளப்பது முறையன்று. மழை ஓய்ந்து மீன் இரைதின்று தேறிய மாதங்களில் பிடிப்பதும், கோடையில் பிடிக்க நேர்ந்தால் இரையின்றித் தூய ஓடுநீரில் சில நாள் விட்டுவைத்து விற்பதும் வளர்ப்போரின் கடமையாக வேண்டும்.