விமானப் பிரயாணமும் பெட்டிப் பூட்டும்

கல்லூரி விடுதியிற் சேரும் மாணவனுக்குத் தந்தையார் வாங்கிக் கொடுக்கும் பொருள்களுள் தகரத்தாலான டிரங்குப் பெட்டியும் அதற்கொரு திண்டுக்கல் பூட்டும் நெடுங்காலமாகத் தவறாது இடம்பெற்று வந்தன. நம் பழைய மாணவர் பலர் அத்தகைய பெட்டிமீது அமர்ந்தே பரீட்சைக்குப் படித்தவர்கள். அப்பூட்டின் கீர்த்தி நாமறிந்ததே. தொழிலாளர் கையால் அரம் கொண்டு ராவி, உள்ளே நெம்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அமைத்து உருவாக்கும் அதனை மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு எனப் பல வடிவிற் காணலாம். 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டால் மனம் அமைதியுறும். ஆயின் ஆகாய விமானத்தில் ஏற்றும் பெட்டிக்கும் அத்தகைய பூட்டையே நம்பலாமோ என்னும் வினா இக்காலத்தே எழுகின்றது. கோயம்புத்தூரினின்று சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் நேரே பறந்து, அவ்விடமிருந்து கண்டங்கள் கடந்து கல்வி கற்கச் செல்லும் நம் மாணவர் தொகை ஆண்டுக்காண்டு பெருகுதலால், இதனை விளக்குதல் பயனுடைத்தென்று கருதினோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் மாணவர் ஒருவர் மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றார். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக் குடும்பத்தினர். அவர் தந்தையார் புதுப் பெட்டிக்குத் தாமே தேர்ந்தெடுத்த பித்தளைப் பூட்டொன்றைப் பூட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்தே வழியனுப்பினார். அமெரிக்காவில் உள்நாட்டு விமானத்துக்கு மாற்றிச் சென்ற அப்பெட்டி, இறுதியில் பூட்டின்றி வந்து சேர்ந்தது. உள்ளே துணிகள் கலைந்திருந்தன. அவற்றின்மேல், சோதனைக்காகத் திறக்கப்பட்டது என்று அறிவிக்கும் அச்சிட்ட தாள் ஒன்று கிடந்தது. எப்பொருளும் களவு போகவில்லை. எனினும் தொலைபேசியிற் செய்தி கேட்ட தந்தையார், “பூட்டை உடைச்சுப்போட்டாங்களா கண்ணு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். திருட்டன்று என்று அவரை நம்பச் செய்வதற்குள் மகனுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

பிறர் பெட்டியை உடைத்துத் திறக்கும் உரிமை அதிகாரிகளுக்கு எங்ஙனம் வந்தது? அதன் காரணத்தை நம் மாகாணத்திலேயே காணலாம். 1984 ஆகஸ்டு 2-ஆம் தேதி இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்து ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். கொழும்பு செல்லும் விமானத்துக்கென்று ஒப்படைக்கப்பட்ட பெட்டிகளில் அது மறைந்திருந்தது. ஒப்படைத்தவனோ விமானம் ஏறவேயில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 23-இல் அதே சூழ்ச்சியால் ஏர் இந்தியா விமானம் ஒன்று அயர்லாந்துக்கருகில் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 329 பேரும் உயிரிழந்தனர். அதன் பெட்டியும் உரியவன் உடன் வராத பெட்டியே. அதனால் இன்று ஒப்படைத்த ஒவ்வொரு பெட்டியும் ஊடுகதிர் யந்திரத்தினூடே செல்கின்றது; உரியவர் விமானம் ஏறாவிடின் அவருடைய பெட்டியும் இறக்கப்படுகின்றது. பூட்டின் வன்மையை மதித்து எந்த அதிகாரியும் சோதனையை விட்டுவிடான், விடவும் கூடாது.

நம் நாட்டில் யந்திரம் ஐயங்காட்டிய பெட்டியை உரியவரை அழைத்து, அவர் முன்னிலையிற் திறக்கச் செய்வதே வழக்கம். ஆதலின் சாவியைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். அதனை ஒப்படைக்கும் வேறொரு பெட்டிக்குள் இட்டுவிட்டுத் தவித்தோரும் உளர். ஐயத்துக்குப் பெரும்பாலும் காரணம் பவர் பேங்க் எனப்படும் மின்கலப் பெட்டகமே. லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் சரக்கறையில் அதனைக் கண்டு அணைப்பாரில்லை. அதனால் அது கைப்பையிலேதான் செல்லவேண்டும். நம் பகுதிக்கே உரிய மற்றொரு பொருள் கொப்பரை. தாய்மார் அன்போடு துணிகளுக்கிடையே பொதிந்தனுப்பும் அப்பண்டம் எண்ணெய்ப்பசை மிக்கது. தானே சூடேறித் தீப்பற்றவல்லது என்று விலக்கப்பட்ட பொருள்களுள் வைத்திருக்கின்றனர். சமையலறையில் பல மாதம் சாதுவாய்க் கிடந்த தேங்காய்ப் பருப்பை வெடிமருந்தின் இனத்திற் சேர்ப்பதோ என்று வருந்துவோர்க்கு நாம் சொல்லக்கூடியது, அதனை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள் என்பதே.

அமெரிக்காவில் முறை வேறு. 2001-ஆம் ஆண்டு சட்டத்தின் பின், அந்நாட்டில் ஒப்படைத்த பெட்டிகளை உரியவர் அருகிலில்லாமலே திறந்து பார்க்கின்றனர். ஒவ்வொரு பூட்டையும் உடைத்தல் இருசாரார்க்கும் தொல்லையாதலால், 2003 முதல் டி.எஸ்.ஏ. பூட்டுகள் வழக்கில் வந்தன. இவற்றை அதிகாரிகள் தம்மிடமுள்ள சில பொதுச் சாவிகளாலேயே திறந்து மூடுவர். சிவப்பு நிறச் சாய்சதுரக் குறி இவ்வகைப் பூட்டுகளிற் காணப்படும் அடையாளங்களுள் ஒன்று. நம் மாணவரின் பித்தளைப் பூட்டில் இவ்வசதி இல்லாமையே அது உடைபட்டதற்குக் காரணம். அதன் உறுதியே அதற்குப் பகையாயிற்று. ஆனால் இப்பொதுச் சாவிகளும் இரகசியமாய் நில்லா. 2014-இல் ஒரு செய்தித்தாளில் அவற்றின் படம் வெளியாயிற்று. 2015-இல் அப்படத்தைப் பார்த்தே முப்பரிமாண அச்சு யந்திரத்தில் சாவி செய்து, பூட்டைத் திறந்தும் காட்டிவிட்டனர்.

பூட்டு வலிதாயினும் பெட்டி வலிதன்று என்பதையும் கூறவேண்டும். ஜிப் வைத்துத் தைத்த பெட்டியின் பற்களுக்கிடையே பேனா முனையை அழுத்தினால் அவை பிளந்து வழிவிடும். பூட்டிய இழுப்பான்களை அப்படியே ஒருமுறை முன்னும் பின்னும் தள்ளினால் பிளவு மூடிக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். உரியவர் ஏதும் அறியார். மூன்று எண் வட்டுகள் கொண்ட பூட்டில் எத்தனை எண்கள் அமையும்? 000 முதல் 999 வரை ஆயிரம். ஒன்றுக்கு இரண்டு விநாடி செலவிட்டாலும் அரைமணிக்குச் சற்று மிகுந்த நேரத்தில் அத்தனையும் முயன்று முடிக்கலாம். அதனினும் விரைவாக முடிவதுண்டு. கடைக்காரர் வைத்த 000 என்னும் எண்ணையே மாற்றாது வைத்திருப்போர் நம்மிடையே பலர்.

அங்ஙனமாயின் பூட்டுவதே வீணோ? அன்று. தபால் நிலையத்தார் பொதியின்மேல் இட்ட அரக்கு முத்திரை கள்வனைத் தடுக்கவல்லதோ? தடுக்காது, எவரேனும் திறந்தால் அதனைக் காட்டிக்கொடுக்கும். பெட்டிப் பூட்டினின்று நாம் எதிர்பார்க்கத்தக்கதும் இத்தகைய சாட்சியமே. வழியில் பெட்டி தானே திறந்து பொருள் சிந்தாமலும், எளிதிற் கைவிட எண்ணுவோனைச் சற்றுத் தயங்கச் செய்தும் அது உதவும். பிறர் நம் பெட்டிக்குள் ஒன்றை இட்டுவிடுவதையும் ஒருவாறு தடுக்கும். அயல்நாட்டுச் சுங்கச் சாவடியில் இவ்வுதவி சிறிதன்று. இவ்வேலைக்கு எண் பொறித்த நெகிழிப் பட்டை முத்திரை ஒன்று போதும். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒப்படைக்குமுன் பெட்டியின் நான்கு புறமும் படமெடுத்து வைத்தல் நலம். பெட்டியைப் பெற்றவுடன் அவ்விடத்திலேயே பூட்டையும் முத்திரையையும் பார்க்கவேண்டும். 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதமுற்ற பெட்டியைப் பற்றிய முறையீட்டைப் பெற்ற நாளினின்று ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் செய்தல் வேண்டும். காலந்தாழ்ந்து வந்த பெட்டிக்கு இருபத்தொரு நாள். ஈட்டுத் தொகைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. தங்க நகையின் விலை அதனுள் அடங்காது.

இனி, எவ்வகைப் பூட்டும் காவாத பொருள்களைச் சொல்லவேண்டும். மூலச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள், மருந்து, நகை, பணம், மடிக்கணினி ஆகியவை ஒப்படைக்கும் பெட்டியில் இருத்தலே ஆகாது. பெட்டி களவு போகவேண்டும் என்பதில்லை. மூன்று நாள் பிந்தினாலே போதும், பல்கலைக்கழகத்திற் பெயர் பதியும் நாள் கடந்துவிடும். பத்திரமாயிருக்கட்டும் என்று எண்ணிப் பெற்றோர் அடியிற் பொதியும் உறையே பெரும்பாலும் முதலில் தேவைப்படும் உறையாயிருக்கின்றது.

மேற்குறித்த மாணவர் சென்ற விடுமுறையில் ஊர் வந்து திரும்பினார். பெட்டிக்கு எண் முத்திரை, சான்றிதழ்கள் தோளிற் தொங்கும் பையில், கொப்பரை இல்லை. அவருடைய தந்தையார் மட்டும் உடைபட்ட பூட்டின் மற்றொரு சாவியைத் தோப்பு வீட்டு நிலைப்படி ஆணியில் இன்னும் மாட்டியே வைத்திருக்கின்றார்.