உங்களுக்குத் தெரியுமா? மாத்திரை அட்டையே பேசும்!

கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு இருந்த டோலோ-650 பெங்களூருவின் மைக்ரோ லேப்ஸ் நிறுவனத்தின் மாத்திரை. 2023 ஆகஸ்ட் 1 முதல் இதையும் சேர்த்து நாட்டின் 300 முன்னணி மருந்து பிராண்டுகளில் கியூஆர் குறியீடு கட்டாயம். கைபேசியில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பொதுப்பெயர், தயாரிப்பாளரின் முகவரி, தொகுதி எண், காலாவதி தேதி, உரிம எண் எல்லாம் வரவேண்டும். வாங்கியதும் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இவற்றில் பொதுப்பெயர்தான் மிக முக்கியம். டோலோவுக்குள் இருப்பது 650 மில்லிகிராம் பாராசிட்டமால். அரசின் ஜன் ஔஷதி கடைகளில் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் தலைவலி மாத்திரையான சாரிடானிலும் இதே பாராசிட்டமால் உண்டு. பெயர் வேறு என்று நம்பி எல்லாவற்றையும் சேர்த்து விழுங்குவது கல்லீரலுக்கு ஆபத்து. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. டோலோ ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும்!

‘சர்க்கரை நோயை அடியோடு ஒழிப்போம்’ என்ற விளம்பரம் கண்ணில் படுகிறதா? அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

மருந்தை மட்டுமல்ல, கிளினிக்கையும் சரிபார்க்கலாம். கர்நாடகத்தில் தனியார் கிளினிக்குகள் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். உள்ளே நுழையும்போதே பதிவுச் சான்றிதழைத் தேடுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் மருந்து விற்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பில் வாங்க மறக்காதீர்கள்.